பழைய கணினியில் பங்கு வியாபாரம்: எந்த ஓஎஸ் தகும்?

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பத்தாண்டுகளாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்ட பிறகு, வீட்டிலிருந்தே பங்கு வாங்கி விற்கும் நண்பர்களிடமிருந்து எனக்கு ஓயாமல் வருகிற கேள்வி ஒன்று உண்டு. நேற்றுவரை ஒரு குறையுமில்லாமல் ஓடிய கணினியை மூலையில் போட்டுவிட்டு, நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் என்று செலவழித்துப் புதிது வாங்கத்தான் வேண்டுமா என்பதே அது. வேண்டியதில்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். சிறு அளவில் வியாபாரம் செய்கிற ஒருவருக்கு அந்தத் தொகை அவருடைய மூலதனத்திலேயே கணிசமான பாகமாக இருக்கும்; அதை ஒரு யந்திரத்தில் முடக்குவதற்கு முன்னால், அந்த யந்திரம் உண்மையில் தமக்கு என்ன காரியம் செய்து தருகிறது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது அவசியம்.

விண்டோஸ் 11 பழைய கணினிகளில் ஏற மறுப்பதற்குக் காரணம் அவற்றின் வேகக்குறைவு அன்று. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சாதனமும், செக்யூர் பூட் வசதியும், இன்டெல் வகையில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிற்பட்டதோ ஆன பிராசசரும் இருந்தாக வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் நிபந்தனை விதித்திருக்கிறது. எட்டாம் தலைமுறை 2017இல்தான் சந்தைக்கு வந்தது. ஆகவே 2016இல் வாங்கிய, ஐ5 பிராசசரும் எட்டு ஜிபி ராமும் உள்ள ஒரு நல்ல கணினி, வலிமையெல்லாம் இருந்தும் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது. விண்டோஸ் 10ஐ விட மனமில்லாதவர்களுக்கு 2026 அக்டோபர் வரையில் ஓராண்டு நீட்டிப்பு ஒன்றை அந்த நிறுவனம் அறிவித்தது. கணினியின் அமைப்புகளைத் தன் கணக்கில் சேமித்துவைக்கச் சம்மதிப்பவர்களுக்குக் கட்டணமில்லாமலும், மற்றவர்களுக்கு 30 டாலருக்கும் அது கிடைக்கும் என்றது. தவணை வாங்கிக்கொள்வதில் தவறில்லை; ஆனால் தவணை முடிகிற நாளில் இதே கேள்வி மறுபடியும் வந்து நிற்கும்.

1994இல் தேசியப் பங்குச் சந்தை திரைவழி வியாபாரத்தைத் தொடங்கிய காலத்தில், புரோக்கர் அலுவலகத்து மாடியில் செயற்கைக்கோள் தட்டும், உள்ளே அதற்கென்றே அமைந்த டெர்மினலும் இருந்தால்தான் ஆர்டர் போட முடியும். 2000ஆம் ஆண்டில் இணையவழி வியாபாரத்துக்கு அனுமதி கிடைத்த பின்பும், ஓடின், நெஸ்ட் முதலிய மென்பொருள்களைக் கணினியில் நிறுவிக்கொண்டுதான் வெகுகாலம் வியாபாரம் நடந்தது. அவை விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவையாதலால், டிரேடிங் என்றால் விண்டோஸ் என்ற எண்ணம் நம்மவர் மனத்தில் ஆழமாக வேரூன்றிவிட்டது. இன்றோ, பெரிய புரோக்கர்கள் அனைவரும் தங்கள் டெர்மினலை ஒரு வலைப்பக்கமாகவே தந்துவிட்டார்கள். குரோமோ பயர்ஃபாக்ஸோ திறக்கிற எந்தக் கணினியிலும் அந்தப் பக்கம் திறக்கும்.

நீங்கள் வாங்கு என்ற பொத்தானை அழுத்தும்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். உங்கள் கணினி, எந்தப் பங்கு, எத்தனை, என்ன விலை என்கிற சின்னஞ்சிறு செய்தி ஒன்றை புரோக்கரின் சர்வருக்கு அனுப்புகிறது. அங்கே உங்கள் கணக்கில் போதிய பணமோ மார்ஜினோ இருக்கிறதா என்று சரிபார்க்கப்பட்டு, அதன்பிறகே அது மும்பையிலுள்ள சந்தையின் யந்திரத்தைச் சென்றடைகிறது. இந்தப் பிரயாணத்தில் உங்கள் ஓஎஸ்ஸின் பங்கு மிக மிகச் சொற்பம். சந்தையின் கட்டிடத்துக்குள்ளேயே தங்கள் சர்வரை வைத்து, ஒரு விநாடியைப் பல்லாயிரம் கூறாக்கி வியாபாரம் செய்கிற பெரிய ஸ்தாபனங்களோடு வேகத்தில் போட்டியிட வீட்டிலிருக்கும் நம்மால் இயலாது. ஆகையால் வேகத்தின் பெயரால் விற்கப்படும் விலையுயர்ந்த கணினி எதுவும் நமக்கு அந்த வகையில் பிரயோஜனப்படாது. நமக்கு வேண்டியவையெல்லாம் இடைவிடாத பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறுகிற ஓஎஸ், அதன்மேல் ஓடுகிற புதிய பிரௌசர், நாலைந்து சார்ட்டுகளை ஒரே நேரத்தில் திறந்து வைத்தாலும் திணறாத அளவுக்கு ராம், இவ்வளவே. விண்டோஸ் 7ஐ இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள், குரோம் பிரௌசரின் 109ஆம் பதிப்போடு 2023லேயே அந்த ஓஎஸ் கைவிடப்பட்டுவிட்டது என்பதை அறிய வேண்டும். பழைய பிரௌசரில் டீமேட் கணக்கைத் திறப்பது கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்குவதற்குச் சமம்.

இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸை நம்பிப் பணத்தை ஒப்படைக்கலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். லண்டன் பங்குச் சந்தையின் கதை அவர்களுக்கு உபயோகப்படும். அந்தச் சந்தை ஒரு காலத்தில் விண்டோஸ் சர்வர்கள்மேல் அமைந்த டிரேட்எலெக்ட் என்னும் ஏற்பாட்டில் நடந்துவந்தது. 2008 செப்டம்பர் 8ஆம் தேதி, அமெரிக்க அரசு தன் நாட்டின் இரண்டு பெரிய வீட்டுக்கடன் நிறுவனங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட செய்தி வெளியாகி, உலகமெங்கும் வியாபாரம் பொங்கிய அதே நாளில், லண்டன் சந்தை ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஸ்தம்பித்து நின்றது. அந்தத் தடங்கலுக்கு விண்டோஸ்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மறு ஆண்டே லண்டன் சந்தை, இலங்கையில் தோன்றி வளர்ந்த மில்லேனியம்ஐடி என்ற நிறுவனத்தை 30 மில்லியன் டாலருக்கு வாங்கி, அவர்கள் எழுதிய புதிய ஏற்பாட்டை லினக்ஸ் சர்வர்கள்மேல் அமைத்து, 2011 பிப்ரவரியில் தன் பிரதான வியாபாரத்தை அதற்கு மாற்றிக்கொண்டது. நியூயார்க் பங்குச் சந்தையும் லினக்ஸை நம்பியே நடக்கிறது. சந்தைகளே சார்ந்திருக்கிற ஒன்றின்மேல் நம்முடைய பத்துப் பங்குகளை வைப்பதற்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை.

இனி, எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயத்துக்கு வருகிறேன். கணினி விற்கிற சிறு கடைகளில், புதிதாக அசெம்பிள் செய்த யந்திரத்தோடு கிராக் செய்த விண்டோஸைப் போட்டுக் கொடுப்பது வெகு சகஜமான வழக்கமாகிவிட்டது. வாங்குகிறவருக்கு அது தெரிவதுகூட இல்லை. லைசென்ஸ் இல்லாத விண்டோஸை ஏமாற்றி ஆக்டிவேட் செய்கிற அந்தச் சிறு நிரல்கள் முதலில் கேட்பது, ஆன்டிவைரஸை நிறுத்திவையுங்கள் என்பதைத்தான். அப்படி நிறுத்திவைத்த நேரத்தில் கூடவே நுழைகிற திருட்டு நிரல், பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், அதைவிட முக்கியமாக, நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்கு அடையாளமான குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். அந்தக் குக்கி உயிரோடு இருக்கும்வரை, திருடனிடம் ஓடிபி கேட்கப்படுவதே இல்லை. பணத்தை எடுத்தால் பதிவான வங்கிக் கணக்குக்குத்தானே போகும், பிறகு என்ன அபாயம் என்று கேட்பவர்கள் உண்டு. ஆள் நடமாட்டமில்லாத ஓர் ஆப்ஷனை உங்கள் கணக்கின் பெயரில் அநியாய விலைக்கு வாங்கவைத்து, அதே விலைக்குத் தன் ஆளின் கணக்கிலிருந்து விற்றுவிட்டால், உங்கள் பணம் நஷ்டம் என்ற பெயரில் அவன் கைக்கு லாபமாகப் போய்ச் சேர்ந்துவிடும். ஐந்நூறு ரூபாய்க்கு விற்கும் லைசென்ஸ் கீ இந்த அளவுக்கு அபாயமில்லை என்றாலும், பெரும்பாலும் வேறொரு நிறுவனத்துக்கு மொத்தமாக வழங்கப்பட்டதைச் சில்லறையில் விற்பதே அது. எப்போது வேண்டுமானாலும் செல்லாமல் போகலாம். காசு கொடுத்து விண்டோஸ் வாங்க முடிந்தால் முறையாக வாங்குங்கள். முடியாவிட்டால் லினக்ஸுக்கு வாருங்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருப்பதாக நினைக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

லினக்ஸில் எதை எடுப்பது? நான் லினக்ஸ் மின்ட்டைச் சொல்லுகிறேன். 2006இல் கிளெமென்ட் லெஃபெவ்ர் என்பவர் தொடங்கிய இது, உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை அடித்தளமாகக் கொண்டது. 2024இல் வெளிவந்த 22ஆம் பதிப்புக்கு 2029 வரையில் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். விண்டோஸில் பழகிய கண்ணுக்கு அதன் திரை அந்நியமாகத் தோன்றாது: கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். எட்டு ஜிபி ராம் உள்ள கணினிக்குச் சினமன் பதிப்பும், நான்கு ஜிபி மட்டுமே உள்ளதற்கு எக்ஸ்எஃப்சிஈ பதிப்பும் தகும். உபுண்டு, டெபியன் இரண்டும் உயர்ந்தவையே. ஆனால் முதல்முறை வருகிறவருக்கு மின்ட்டின் சௌகரியம் அவற்றில் இல்லை. கூகிள் இலவசமாகத் தருகிற குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ், பிரௌசர் ஒன்றைத் தவிர வேறெதுவும் வேண்டாதவர்களுக்கு நன்று.

நம் ஊருக்கும் லினக்ஸுக்கும் உள்ள பழைய பந்தத்தையும் இங்கே குறிப்பிடத்தான் வேண்டும். சென்னை சி-டாக் நிலையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே இடம்பெற்றிருந்தது. அந்த மடிக்கணினி பல வீடுகளின் பரண்மேல் இன்றும் கிடக்கிறது. அதில் டிரேடிங் செய்யலாமா என்று கேட்டு எழுதுகிற இளைஞர்களுக்கு என் பதில்: இரண்டு ஜிபி ராம் மட்டும் இருந்தால், வைத்திருக்கிற பங்குகளைப் பார்க்கவும் நீண்டகால முதலீட்டுக்கு எப்போதாவது ஓர் ஆர்டர் போடவும் போதும், நாள் வியாபாரத்துக்கான சார்ட்டுகளை அது தாங்காது.

எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருடைய கணினியில் மின்ட்டைப் போட்டுக்கொடுத்தபோது கண்டதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்கிறேன். முதலில் எதையும் அழிக்காமல், எட்டு ஜிபி பென் டிரைவில் மின்ட்டை எழுதி, கணினியைத் தொடங்குகையில் எஃப்12 விசையை அழுத்திப் பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டோம். ஹார்டு டிஸ்கை ஒரு விரலும் தீண்டாமல் முழு ஓஎஸ்ஸும் பென் டிரைவிலிருந்தே ஓடிக்காட்டுகிற இந்த ஏற்பாடு, தயங்குகிறவர்களுக்குப் பெரிய வரப்பிரசாதம். வைஃபை தானாகவே பிடித்துக்கொண்டது. இரண்டாவது மானிட்டரையும் கண்டுகொண்டது. பயர்ஃபாக்ஸில் புரோக்கரின் பக்கத்தைத் திறந்து, கைபேசியில் வந்த ஆறு இலக்க எண்ணை இட்டதும், அவர் வழக்கமாகப் பார்க்கும் பட்டியல் அப்படியே வந்து நின்றது. "நான் போட்டு வச்ச கோடெல்லாம் சார்ட்டுலே அப்படியே இருக்கே, சார்! இதெல்லாம் என் கம்ப்யூட்டருக்குள்ளே இருக்குன்னுல்ல நெனச்சிண்டிருந்தேன்" என்றார். அவை புரோக்கரின் சர்வரில் இருப்பவை. எந்தக் கணினியிலிருந்து போனாலும் கூடவே வருபவை. அந்த ஒரு காட்சியிலேயே அவருடைய பயம் பாதி தெளிந்துவிட்டது.

விண்டோஸை முழுவதும் நீக்கிவிட அவருக்கு மனம் வரவில்லையாதலால், இரண்டையும் பக்கம்பக்கமாக வைத்தோம். மறுநாள் காலை அவர் விண்டோஸுக்குள் போனபோது ஒரு விசித்திரம் நேர்ந்தது. "மார்க்கெட் தொடங்குற நேரம், கடிகாரம் மூணே முக்கால்னு காட்டுதே, சார்?" என்று போன் செய்தார். இது எல்லோருக்கும் நேரக்கூடியது. காரணம் தெரிந்துவிட்டால் கலக்கமில்லை. கணினிக்குள் பேட்டரியில் ஓடும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்துக்கு வைக்கிறது. விண்டோஸோ அதையே உள்ளூர் நேரம் என்று எண்ணிக்கொள்கிறது. இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், ஒன்பதே கால் மூன்றே முக்காலாகத் தெரிகிறது. ஓடிபி எண்ணைக் கைபேசியில் உண்டாக்கினால் தொல்லையில்லை. அதே கணினியில் உண்டாக்குகிறவர்களுக்கு, முப்பது விநாடிக்கொருமுறை நேரத்தைக் கொண்டு கணக்கிடப்படும் அந்த எண் தப்பாகவே வரும், உள்நுழையவும் முடியாது. உள்ளூர் நேரத்தையே பின்பற்றும்படி லினக்ஸுக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் இது ஒழிந்துவிடும். ஆனால் அதைச் சந்தை திறக்கிற நேரத்தில் கண்டுபிடிக்காமல், சனிக்கிழமையே சரிசெய்துவிடுவது விவேகம்.

மற்றபடி வியாபாரத்தைச் சுற்றியுள்ள வேலைகளுக்குத் தடையில்லை. மாலையில் மின்னஞ்சலில் வரும் கான்ட்ராக்ட் நோட், பான் எண்ணைப் பாஸ்வேர்டாக இட்டதும் திறக்கிறது. ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டிய லாப நஷ்டக் கணக்கு லிப்ரே ஆஃபீஸில் திறக்கிறது.

யார் விண்டோஸிலேயே இருக்க வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆமிபுரோக்கர் என்னும் சார்ட் மென்பொருளில் சொந்த ஃபார்முலாக்களை எழுதி வருடக்கணக்காகப் பரீட்சை செய்து வைத்திருப்பவர்கள், எக்ஸெல்லில் நேரடி விலையை வரவழைத்து மேக்ரோக்களால் கணக்கிடுகிறவர்கள், புரோக்கர் தந்த நிறுவும் மென்பொருளையே நம்பியிருப்பவர்கள், டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கனை அடிக்கடி உபயோகிக்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் விண்டோஸின் விலை வீண் செலவன்று. வைன் என்னும் ஏற்பாட்டின்மூலம் ஆமிபுரோக்கரை லினக்ஸில் ஓட்டலாம்தான். ஆனால் பணம் பணயத்தில் இருக்கும்போது, ஒட்டுப்போட்ட ஏற்பாட்டை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பைத்தானில் நிரல் எழுதி புரோக்கரின் ஏபிஐ வழியாக வியாபாரம் செய்கிறவர்களுக்கோ லினக்ஸ்தான் தாய்வீடு. மெட்டாடிரேடர் என்னும் நாணய வியாபார மென்பொருள் லினக்ஸில் ஓடுமா என்று கேட்கிறவர்களுக்கு ஓடும் என்றே பதில்; ஆனால் அதைக் காட்டி வெளிநாட்டு நாணய வியாபாரத்துக்கு அழைக்கிற தளங்கள் பலவற்றை, அனுமதி பெறாதவை என்று ரிசர்வ் வங்கி தன் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் சொல்லி வெளியிட்டிருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

லினக்ஸுக்கு வந்தாயிற்று, இனி ஜாக்கிரதை வேண்டாம் என்று எண்ணிவிடவும் கூடாது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் சிறு நிரலுக்குள் யாரோ திட்டமிட்டுப் புகுத்திய கள்ளக்கதவை, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியே கண்டுபிடித்தார். பெரும் விபரீதம் தப்பியது. தீய நோக்கமுள்ள பிரௌசர் எக்ஸ்டென்ஷன் எந்த ஓஎஸ்ஸானாலும் திருடவே செய்யும். ஆகையால் டிரேடிங்குக்கென்று கணினியில் தனி யூசர் கணக்கு ஒன்றை உண்டாக்கி, அதிலுள்ள பிரௌசரில் எக்ஸ்டென்ஷன் எதையும் சேர்க்காமல், சினிமாவுக்கும் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் வேறு கணக்கைக் கொடுத்துவிடுங்கள். மின்ட்டில் திருத்தங்கள் வந்திருப்பதைக் கீழே ஒரு கேடய அடையாளம் காட்டும். நீங்கள் சொல்லும்வரை அது காத்திருக்கும். மூன்றரை மணிக்குச் சந்தை மூடியபின் அதைச் செய்துகொள்ளலாம். செய்வதற்குமுன் டைம்ஷிஃப்ட் என்னும் கருவியைக் கொண்டு ஒரு பிரதி எடுத்துவைத்தால், எது கெட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

லைசென்ஸில் மிச்சமான பணம் எங்கே போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுழலும் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள். பழைய கணினிக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை. அடுத்தபடியாக மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால், வியாபார நேரம் பெரும்பாலும் அதிலேயே போய்விடும். கணினிக்கு யுபிஎஸ் வைத்திருப்பவர்கள்கூட ரௌட்டரை மறந்துவிடுகிறார்கள். அதற்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். ஸ்டாப்லாஸ் போடாத பொசிஷன் திறந்திருக்கையில் இணைப்பு அறுந்தால், கைபேசியிலுள்ள ஆப் இரண்டாவது வழி. அதுவும் இல்லையென்றால், புரோக்கரின் டீலிங் டெஸ்க் எண்ணைக் காகிதத்தில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருப்பதே கடைசி வழி.

மூன்று மானிட்டரும் புதுக் கணினியும் வாங்கினால் லாபம் வரும் என்று நம்பிக் கடன்படுகிற இளைஞர்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில், ஃப்யூச்சர்ஸ் ஆப்ஷன்ஸில் வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்தார்கள் என்றும், அவர்களுடைய மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்லுகிறது. நான் சொல்லும் எந்த ஓஎஸ்ஸும் அந்தக் கணக்கை மாற்றாது. செலவைக் குறைக்கும், திருட்டைத் தடுக்கும், அவ்வளவுதான் அதன் எல்லை. அந்த எல்லைக்குள் அது செய்கிற உதவியைக் காசில்லாமல் பெறுவதில் தயக்கம் வேண்டாம்.

மாற விரும்புகிறவர்கள் ஒரு சனிக்கிழமையில் தொடங்குங்கள். மின்ட்டை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி, கூடவே தரப்படும் சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்பார்த்து, பென் டிரைவில் ஓடவிட்டு, வைஃபை, மானிட்டர், ஒலி, பிரிண்டர் நான்கையும் சோதியுங்கள். பிறகு உங்கள் கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்துவைத்து, விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுங்கள். அடுத்து வரும் வாரம் முழுவதும் ஆர்டர் எதுவும் போடாமல், ஒன்பதே காலிலிருந்து மூன்றரை வரை சார்ட்டுகளை மட்டும் திறந்துவைத்து, கணினி திணறுகிறதா என்று கவனியுங்கள். முதல் ஆர்டர் ஒரே ஒரு பங்குக்கு இருக்கட்டும். அது நிறைவேறி, மாலையில் அதன் கான்ட்ராக்ட் நோட்டும் வந்து சரியாகத் திறந்த பிறகு, விண்டோஸை வைத்துக்கொள்வதா நீக்குவதா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.